முதல் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் வீட்டுக்குப் போகலாமா?

இரவு இரண்டு மணி இருக்கும். மளிகைக்கடை வைத்திருக்கும் 48 வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நடந்து வந்தார். வலி தொடங்கி முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஈசிஜியில் பெரிதாக எதுவும் இல்லை. படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து, மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தோம். இருபது நிமிடத்தில் நெகட்டிவ் என்று வந்தது. மகனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சே சார், வாயுவாத்தான் இருக்கும். காலைல கடை திறக்கணும், கூட்டிட்டுப் போகட்டுமா?"

"மூணு மணி நேரம் பொறுங்க தம்பி, இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றேன். அரைமனதோடு உட்கார்ந்தார். விடியற்காலை ஐந்தேகாலுக்குப் பார்த்த இரண்டாவது டெஸ்ட் பாசிட்டிவ். அன்றைக்கே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

அந்த மகன் கேட்டதை வேறு வேறு வார்த்தைகளில் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று தோன்றத்தான் செய்யும்.

ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை சேதமாகும்போது அது ரத்தத்தில் கசிகிறது. ஆனால் கசிந்து, பரிசோதனையில் தெரியும் அளவுக்குச் சேர நேரம் பிடிக்கும். சாதாரண டெஸ்ட்டில் தெரிவதற்கு மூன்று மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஆகலாம். ஏறிவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல்கூட ரத்தத்தில் இருக்கும். முந்தாநாள் வந்த வலியைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட், அரை மணி நேரத்துக்கு முன்பு வந்த வலியைத் தவறவிட்டுவிடும்.

படுக்கையருகில் செய்யும் டெஸ்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கர்ப்பப் பரிசோதனை போலக் கோடு விழும் கார்டு. இன்னொன்று, சிறிய மெஷின். அது அளவை எண்ணாகக் காட்டும். இரண்டுக்கும் சில சொட்டு ரத்தம் போதும், கால் மணி, இருபது நிமிடத்தில் பதில் வந்துவிடும். லேபுக்கு அனுப்பினால் ஒரு மணி நேரம்கூட ஆகும். இரவில் லேப் மூடிவிடும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கார்டு பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நான் எண் காட்டும் மெஷினைத்தான் விரும்புவேன். மாரடைப்பை உறுதிசெய்வது அளவில் வரும் ஏற்ற இறக்கம். கோட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நுண்ணிய அளவையும் பிடிக்கும் புதுவகை ட்ரோபோனின் டெஸ்ட் இருக்கும் இடங்களில் ஒரு மணி, இரண்டு மணி இடைவெளியிலேயே இரண்டாவது ரத்தம் எடுத்து முடிவு சொல்லிவிடுகிறார்கள். கார்டு மட்டும் இருக்கும் இடத்தில் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஈசிஜியில் மாரடைப்பு பளிச்சென்று தெரிந்த ஒரு அம்மாவை, ட்ரோபோனின் ரிசல்ட் வரட்டும் என்று முதலில் போன இடத்தில் நாற்பது நிமிடம் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறவில்லை. நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். அதில் தெளிவாகத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கவே கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோபிளாஸ்டியோ உடனே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

பாசிட்டிவ் வந்தாலே மாரடைப்பு என்றும் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோய், நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு, இதயத் தசை அழற்சி, கடுமையான கிருமித்தொற்று எல்லாவற்றிலும் ட்ரோபோனின் ஏறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பழைய ட்ரோபோனின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால், ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்குப் பெரிய உதவி. அப்புறம், முடி கொட்டாமல் இருக்கப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சில வகை டெஸ்ட்டில் அது ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வேண்டியது, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான். "சாயங்காலத்துல இருந்து" என்பார்கள். அது நாலு மணியா, ஏழு மணியா? எந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டு நேரத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், தாடை வலி, வாந்தி என்று தொடங்கலாம். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். 108-க்குக் கூப்பிட்ட கையோடு அந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள்.