பனித்துளி அல்ல, பனிச்செதில்

வானிலை ஆய்வாளர்கள் ரேடாரையும் தரைக்கருவிகளையும் வைத்து, பனிப்பொழிவில் விழும் ஸ்னோஃப்ளேக்கின் (snowflake) வடிவம், அடர்த்தி, விழும் வேகம் ஆகியவற்றை அளக்கிறார்கள். அதைச் சொல்லும் தமிழ்ச் செய்திகளில் 'பனித்துளி' என்றே திரும்பத் திரும்ப வருகிறது. இது தவறு. பனித்துளி என்பது மார்கழிக் காலையில் மெரினா புல்தரையில் மின்னும் நீர்த்துளி. சென்னையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

'பனி'யில் குறை இல்லை. புறநானூறே இமயத்தைப் 'பனிபடு நெடுவரை' என்கிறது. ஃப்ளேக் என்றால் மெல்லிய, தட்டையான சில்லு. ஆகவே பனிச்செதில்.

கோளாறு 'துளி'யில்தான். அது திரவம். இந்த ஆய்வோ திண்மமான, ஒழுங்கற்ற வடிவங்களைப் பற்றியது. ரேடார் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிடுகிறது. கிடையாக மிதந்து வரும் தட்டைப் படிகம் கிடைமட்ட அலையைக் கூடுதலாகத் திருப்பும். பல படிகங்கள் ஒட்டிப் பஞ்சுபோலத் திரண்டுவிட்டால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். அப்புறம் தரையில், டிஸ்ட்ரோமீட்டர் என்ற அளவுக்கருவியின் கேமராக்கள் விழும் செதிலின் நிழலுருவையும் வேகத்தையும் பதிவு செய்கின்றன. பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் இறங்கும். செதில் சுமார் 1 மீட்டர்தான். இதைப் போய் 'துளியின் வேகம்' என்று எழுதினால் படிப்பவர் மழை என்றே எடுத்துக்கொள்வார்.

சிலர் 'பனித்துகள்' என்கிறார்கள். துளியைவிட மேல்தான், ஆனாலும் ஏற்க முடியவில்லை. மேகத்தில் உள்ள பனிக்குருணை, ஊசி, தட்டு எல்லாமே துகள்தான். அந்தப் பொதுச்சொல்லை ஒரு வகைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவற்றை எப்படிச் சொல்வது? 'பனிப்படிகம்' நல்ல சொல், ஆனால் ஒற்றைப் படிகத்துக்கு உரியது. 1885-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி படம் பிடித்தது அதைத்தான். செதில் என்றால் மீன் ஞாபகம் வருகிறதாம். மரச்செதிலும் செதில்தானே!

ரேடாரைக் 'கதுவீ' ஆக்கக் காட்டும் அக்கறையில் பாதியையாவது மொழிபெயர்ப்பவர்கள் இங்கே காட்டலாம். ரேடார் எல்லோருக்கும் புரிகிறது. அதைத் தொடவே வேண்டியதில்லை.

பனி விழாத சென்னைக்கு இந்தச் சொல் எதற்கு என்று கேட்கவும் முடியாது. நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பம் சுழியத்துக்கு வந்துவிடும். அதற்கு மேலே வளர்ந்த செதில்கள் உருகியும் இங்கே மழை பெய்கிறது. உருகும் அடுக்கு ரேடாரில் பளிச்சென்ற பட்டையாகத் தெரியும். பட்டைக்கு மேலே செதில், கீழே துளி. இரண்டையும் துளி என்றே எழுதுபவர் அந்தப் பட்டை ஏன் வருகிறது என்று எப்படி விளக்குவார்?