ரிமோட்டுக்குத் தமிழ்ல என்ன? தொலை இயக்கி, சொல் விளக்கம்

ரிமோட்டுன்னு நாம சொல்றது பாதி வார்த்தைதாங்க. முழுப்பேரு ரிமோட் கண்ட்ரோல், வால வெட்டிட்டு தலைய மட்டும் வச்சிக்கிட்டோம், இங்கிலீஷ்காரங்களும் அதையேதான் செஞ்சாங்க. வெட்டுனதுல வேடிக்கை என்னன்னா பொருள் இருக்கிறது பூரா வெட்டுன பாதியிலதான். ரிமோட்னா வெறுமனே தூரத்துல இருக்கிறதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். லத்தீன்ல ரெமோவேரேன்னு ஒரு வினைச்சொல், அப்புறப்படுத்து, நகர்த்துன்னு பொருள், அதுல இருந்து ரெமோட்டுஸ், அதுல இருந்து ரிமோட். ரிமூவ்ங்கிறதும் இதே குடும்பம்தான்.

கண்ட்ரோலோட கதைதான் சுவாரசியம். கோன்ட்ரா ரோட்டுலுஸ்னு இடைக்கால லத்தீன் சொல், எதிர்ச்சுருள்னு வச்சிக்கலாம். கணக்கு எழுதுற சுருள் ஒண்ணு இருக்கும், அதுக்கு நகலா இன்னொரு சுருள் வேற ஒருத்தர்கிட்ட இருக்கும், ரெண்டையும் ஒத்துப் பாத்தா யாரு கை வச்சாங்கன்னு தெரிஞ்சிடும். அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, சரிபார்க்கிறதுங்கிற அர்த்தம் மெல்ல மெல்ல அடக்கி ஆளுறதுன்னு மாறிப்போச்சு. தணிக்கைக்காரர் சொல்லு கடைசியில சோபாவுல சாஞ்சிருக்கிறவர் கைக்கு வந்திருக்கு.

தூரத்துல இருந்து ஒரு பொருளை ஓட்டுற வித்தை டிவிய விட மூத்தது. 1898-ல நிக்கோலா டெஸ்லா நியூயார்க்குல ஒரு சின்னப் படகை ரேடியோ அலையால தொடாமலே திருப்பிக் காட்டிட்டாரு. டிவிக்கு அது வந்தது 1950-ல, அமெரிக்காவுல ஜெனித் கம்பெனி போட்ட லேசி போன்ஸ், தமிழ்ல சொன்னா சோம்பேறி. பேரு வச்சவங்களுக்கு கூச்சமே இல்ல. ஆனா அது ஒயர் வச்சது, டிவியில இருந்து நாற்காலி வரைக்கும் ஹாலுக்கு குறுக்க ஒயர் கிடக்கும், வீட்ல இருக்கிறவங்க தடுக்கி விழுவாங்க, எந்திரிச்சுப் போய் சேனல் மாத்துறதே மேல்ங்கிற நிலைமை.

அப்புறம் 1955-ல அதே கம்பெனியில யூஜின் பாலின்னு ஒரு இன்ஜினியர் ஃபிளாஷ்மாட்டிக் பண்ணாரு. துப்பாக்கி மாதிரி இருக்கும் டார்ச் அது, டிவி திரையோட நாலு மூலையிலயும் வெளிச்சத்தை உணர்ற செல் இருக்கும், எந்த மூலைக்கு வெளிச்சம் அடிக்கிறோமோ அதுக்குத் தக்க வேலை நடக்கும். இதுல பெரிசா விளம்பரப்படுத்துனது என்ன தெரியுமா, விளம்பரம் வந்தா படம் ஓடிட்டே இருக்கும்போது சத்தத்தை மட்டும் அமுக்கிடலாங்கிறதத்தான். கம்பெனி முதலாளி யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரம்னாலே ஆகாது, அதனாலதான் இவ்வளவு மெனக்கெட்டது. நம்ம வீட்ல மியூட் பட்டன் தேயுறதுக்கும் அதே காரணம்தானே. ஆனா ஜன்னல் வழியா வெயில் மூலையில பட்டுச்சுன்னா டிவி தானா சேனல் மாத்திக்கும், இப்படி ஒரு கோளாறும் இருந்துச்சு.

இத சரி பண்ண வந்தவர்தான் ராபர்ட் ஆட்லர். ரேடியோ அலை வேணாம், அது செவுத்தைத் தாண்டிப் போய் பக்கத்து வீட்டு டிவியையும் மாத்திடும். பேட்டரியும் வேணாம், ஏன்னா பேட்டரி தீந்தா ஜனங்க டிவியே கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்கன்னு விற்பனைக்காரங்க சொல்லிட்டாங்க. அதனால 1956-ல ஸ்பேஸ் கமாண்ட்னு வந்த ரிமோட்டுக்குள்ள எலக்ட்ரானிக் சாமான் ஒண்ணுமே கிடையாது. சின்ன அலுமினியக் கம்பிங்க, பட்டனை அமுக்கினா குட்டிச் சுத்தியல் கம்பியைத் தட்டும், மனுஷக் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும், ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அலைவரிசை, டிவி அதக் கேட்டு வேலை செய்யும். அமுக்குறப்ப வர்ற கிளிக் சத்தத்தாலதான் அமெரிக்காவுல ரிமோட்டை கிளிக்கர்னே கூப்பிட்டாங்க. சாவிக்கொத்து குலுங்கினாகூட சில சமயம் டிவி ஏமாந்துரும்.

எண்பதுகள்ல இன்ஃப்ராரெட் வந்து இதையெல்லாம் ஓரங்கட்டிடுச்சு, தமிழ்ல அகச்சிவப்பு. இப்ப கையில இருக்கிற பெரும்பாலான ரிமோட்டு இதுதான். முன்னாடி இருக்கிற குட்டி எல்இடி 940 நானோமீட்டர் வாக்குல, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை செகண்டுக்கு சுமார் 38,000 தடவை துடிக்க விடும், அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புறதுதான் டிவிக்குப் புரியுற சங்கேதக் குறியீடு. அந்த வேகத்துல துடிக்கிற வெளிச்சத்தை மட்டும் டிவி எடுத்துக்கிட்டு வெயிலையும் டியூப்லைட்டையும் ஒதுக்கிடும், ஃபிளாஷ்மாட்டிக் தோத்த இடத்துல இது ஜெயிச்சது அப்படித்தான்.

நம்மூருக்கு வருவோம். சென்னையில தூர்தர்ஷன் தொடங்குனது 1975 ஆகஸ்ட் 15. சாலிடேர், டயனோரா டிவி காலத்துல கடக் கடக்னு திருகுற குமிழ்தான், ஒரே சேனலு, அதுக்கு எதுக்கு ரிமோட்டு? மாத்தணும்னா வீட்டுக் கடைக்குட்டிய எழுப்பி விட்டா போச்சு. தொண்ணூறுகள்ல கேபிள் வந்து, 1993-ல சன் டிவி வந்து, சேனல் எண்ணிக்கை ஏற ஏறத்தான் ரிமோட் தேவையாச்சு, அதோட சேந்து அந்த வார்த்தையும் வீட்டுக்குள்ள குடி வந்துருச்சு. அரசியலுக்கும் போச்சு, 1995-ல மகாராஷ்டிராவுல சிவசேனா பாஜக ஆட்சி வந்தப்ப ரிமோட் கண்ட்ரோல் என் கையிலன்னு பால் தாக்கரே வெளிப்படையாவே சொன்னாரு. ஆக யாரு கையில இருக்குங்கிறதுதான் இந்தச் சொல்லோட உயிரே, தூரம் எல்லாம் அப்புறம்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. ரெண்டு சொல் புழங்குது, தொலைக் கட்டுப்பாடு, தொலை இயக்கி. முதலாவது எனக்கு சுத்தமா பிடிக்கல. உணவுக் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடுன்னு எங்க பாத்தாலும் கட்டுப்பாடுன்னா செய்யாதேன்னு தடுக்கிறது, ரிமோட்டு யாரையும் தடுக்கல, ஒண்ணை ஓட வைக்குது. அதோட கட்டுப்பாடுங்கிறது கையில பிடிக்கிற சாமான் பேரு மாதிரியே இல்ல.

தொலை இயக்கி அப்படி இல்ல. ஒலிபெருக்கி, திசைகாட்டி, தொலைநோக்கின்னு செய்யுற வேலைய வினையா வச்சு கடைசியில இகரம் போட்டு கருவிக்குப் பேரு வைக்கிறது தமிழுக்குப் பழகுன வழி, இயக்கு கூட இ சேந்தா இயக்கி. சேத்து எழுதினா தொலையியக்கி, இலக்கணப்படி சரிதான் ஆனா நாக்கு மடங்குது, பிரிச்சே எழுதலாம்னு நினைக்கிறேன். வெறும் இயக்கின்னு மட்டும் எழுதிடாதீங்க, கம்ப்யூட்டர்ல டிரைவர்ங்கிற மென்பொருளுக்கும் அதே பேரு, அதுக்கும் முன்னாடி அது ஒரு பெண் தெய்வத்தோட பேரு, சிலப்பதிகாரத்துல ஆயர்குலத்து மாதரி பால்மடைங்கிற படையல் கொடுத்துட்டு வர்றது பூங்கண் இயக்கிக்குத்தான், நெல்லை, குமரிப் பக்கம் இசக்கியம்மனா இன்னும் கும்பிடுறாங்களே, அதே இயக்கி.

தொலைங்கிற பாதியையும் கொஞ்சம் பாக்கணும். தொலைபேசி, தொலைக்காட்சியில வர்ற தூரம்தான் இதுலயும். ஆனா தொலைன்னா அழியுறது, குறையுறது, காணாம போறதும்தான். குறள் 762-ல தொலைவிடத்துத் தொல்படைக்கு அல்லால் அரிதுன்னு வருது, அங்க தொலைவுன்னா தூரம் இல்ல, படை ஆள் குறைஞ்சு போன நிலைமை. சோபா மெத்தை இடுக்குல எப்பப் பாத்தாலும் தொலையுற சாமானுக்கு தொலை இயக்கின்னு பேரு அமைஞ்சது தற்செயல்தான், ஆனா இத விடப் பொருத்தமா யாராலயும் வைக்க முடியாது.

இப்ப வீட்ல பிரச்சனை வேற. டிவிக்கு ஒண்ணு, டிடிஹெச் பாக்ஸுக்கு ஒண்ணு, ஸ்பீக்கருக்கு ஒண்ணுன்னு மூணு கிடக்கும், பெரியவங்க தப்பான ரிமோட்ட அமுக்கிட்டு டிவி ரிப்பேர்னு உக்காந்திருப்பாங்க. இதுக்கு காசு செலவு இல்லாத வழி ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. எச்டிஎம்ஐ கேபிள்ல இருக்கிற 19 ஊசியில 13-வது ஊசி, டிவியும் மத்த பெட்டிகளும் ஒண்ணுக்கொண்ணு கட்டளை பேசிக்கிறதுக்காகவே வச்சது, சிஇசின்னு பேரு. சாம்சங்ல எனிநெட், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க்னு ஆளுக்கொரு பேர்ல செட்டிங்ஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், ஆன் பண்ணிட்டா டிவி ரிமோட்டாலயே ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டலாம், டிவிய அணைச்சா அதுவும் அணையும். செட்டாப் பாக்ஸ்ல எல்லாம் இந்த வசதி இருக்காது, அப்ப பாக்ஸ் ரிமோட்லயே டிவி ஆன் ஆஃப், சவுண்டு பட்டனைப் பழக்கி விடுற வசதி இருக்கான்னு பாருங்க, பல மாடல்ல இருக்கு.

ரிமோட் வேலை செய்யலன்னா தட்டுறதுக்கு முன்னாடி போனோட செல்ஃபி கேமராவுக்கு நேரா அந்த எல்இடியப் பிடிச்சு பட்டனை அமுக்குங்க. பெரும்பாலான போன்ல ஊதா கலந்த வெள்ளையா மின்னும், மின்னினா ரிமோட் அனுப்புது, கோளாறு டிவி பக்கம். எந்தப் பட்டனுக்கும் மின்னலன்னா பேட்டரிய மாத்துங்க, ஒரு பட்டனுக்கு மட்டும் மின்னலன்னா உள்ள ரப்பருக்கு அடியில இருக்கிற கருப்புப் பூச்சு தேஞ்சிருக்கும் இல்ல அழுக்கேறியிருக்கும். பேசுனா கேக்குற ரிமோட்டுங்க பெரும்பாலும் புளூடூத்துல ஓடுறதால இந்த சோதனை அதுங்களுக்குச் சரிவராது, டிவி பக்கம் நீட்டவும் வேண்டியதில்ல.

பேச்சுல ரிமோட்டுன்னே சொல்லுங்க, யாரும் அடிக்க வரமாட்டாங்க. எழுதறப்ப, முக்கியமா டிவி மெனுவ தமிழாக்குறவங்க, கட்டுப்பாட்டை விட்டுட்டு தொலை இயக்கின்னு போடுங்க. அப்படியே மியூட்டுக்கு முடக்குன்னு போடுறதையும் விட்டுட்டு ஒலியடக்குன்னு போட்டா நல்லாருக்கும், முடக்குன்னு பாத்தா டிவியே நின்னுடுமோன்னு அமுக்க கை வராது.