ஒட்டி எழுது, ஒட்டாமல் பேசு

டச்சு மொழியில் ‘க்ளைன்’ என்றால் சின்ன, ‘கின்ட்’ என்றால் குழந்தை. இடம் விட்டு எழுதி, கின்ட்டை அழுத்திச் சொன்னால் சின்னக் குழந்தை. ஒட்டி எழுதி க்ளைனை அழுத்தினால் பேரக்குழந்தை! எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, குரல் ஏறுகிற இடம்தான் மாறியது.

இப்படி இரண்டு சொல் ஒட்டிய கூட்டுப் பெயர் என்றால் பெரும்பாலும் முதல் சொல்லுக்குத்தான் அழுத்தம், அதற்காக முதல் அசையை அழுத்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சொல் தனியாக நிற்கும்போது எந்த அசை ஓங்கி ஒலிக்குமோ அதே அசைதான் இங்கேயும் ஓங்கும். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம், பத்தே எழுத்துள்ள ஒரு சொல், massagebed. ‘மசாஜ-பெட்’ என்று பிரித்து ‘சா’வை அழுத்தினால் மசாஜ் கட்டில், ‘மஸா-கெபெட்’ என்று பிரித்து ‘ம’வை அழுத்தினால் பெருங்கூட்டமாகச் செய்யும் பிரார்த்தனை. தாளில் இரண்டும் ஒன்றே, வாய் திறந்தால்தான் எது என்று தெரியும்.

விதிவிலக்கும் உண்டு. ‘ஸ்டட்’ நகரம், ‘ஹௌஸ்’ வீடு, சேர்ந்தால் நகரசபைக் கட்டடம். இதில் அழுத்தம் ஹௌஸுக்குப் போய்விடுகிறது.

அப்புறம் இரண்டு சொல்லும் சேருகிற அந்த மூட்டு. கடல் + அலை என்றால் நமக்குக் கடலலை, ‘ல்’ மேல் ‘அ’ ஏறி உட்கார்ந்துவிடும். டச்சு கூட்டுச் சொல்லில் அது நடக்காது. ‘ஹண்ட்’ என்றால் கை. ‘கைகள்’ என்று பன்மையில் சொல்லும்போது அதன் கடைசி எழுத்து நம் ‘வண்டி’யில் வரும் மெல்லிய ட போல ஒலிக்கும். ஆனால் ‘அப்பல்’ சேர்த்து ஹண்ட்-அப்பல், அதாவது அப்படியே கையில் வைத்துக் கடித்துத் தின்கிற ஆப்பிள், என்று சொன்னால் அதே எழுத்து ‘பட்டு’வில் வருவது போல இறுகிவிடும். பின்னால் உயிரெழுத்து வந்தும், கை என்ற சொல் அங்கேயே முடிந்ததாகத்தான் கணக்கு. எழுதும்போது இடைவெளியே விடாத மொழி, பேசும்போது அந்த இடைவெளியை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறது.

யாழ்ப்பாணத்தை 1658-ல் பிடித்த டச்சுக்காரர்கள் ‘கந்தோர்’ (அலுவலகம்) போன்ற சொற்களைத் தமிழில் விட்டுப்போனார்கள். ஒரு கூட்டுச் சொல்லும் வந்தது: ‘கக்’ என்றால் மலம், அதோடு வீட்டைக் குறிக்கும் அதே ‘ஹௌஸ்’. நம் வாயில் நடுவிலிருந்த ‘ஹ’ கரைந்தது, ‘க்’ மேல் உயிர் ஏறியது. கக்கூஸ். அதை இரண்டாகப் பிரிக்க இன்று நமக்குத் தோன்றவே தோன்றாது.