புரொபேஷன்: சொல்லும் பொருளும்

சிறையிலிருந்து வந்தவனின் மறுவாழ்வைச் சொல்லும் பிரிட்டிஷ் படங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் புரொபேஷன்: குற்றவாளியைக் கண்காணிப்போடு வெளியே விடும் ஏற்பாடு. 2007-இல் வெளிவந்த ‘பாய் ஏ’ படத்தைப் பார்த்ததும் இதன் வேரைத் தேடிப் போனேன்.

லத்தீனில் ‘புரோபுஸ்’ என்றால் நல்ல. அதில் பிறந்த வினை ‘புரோபாரே’: நல்லதுதானா என்று சோதித்துப் பார்ப்பது. துறவு மடத்தில் சேர வந்தவரைச் சோதிக்கும் காலத்துக்கு இந்தச் சொல் வழங்கியது. அப்புறம் நீதிமன்றத்துக்கு வந்தது. 1841-இல் பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் அகஸ்டஸ், குடிகாரர் ஒருவரைத் தன் பொறுப்பில் பிணை எடுத்துத் திருத்திக் காட்டினார். இங்கிலாந்தில் 1907-இல் சட்டமே வந்தது. புரொபேஷன் அலுவலரின் கடமைகளாக அது சொன்னவை: அறிவுரை, உதவி, நட்பு. ஒரு சட்டம் நட்பைக் கடமையாக்கியதை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

குற்றம் உறுதியானவரைச் சிறைக்கு அனுப்பாமல், நிபந்தனையோடும் மேற்பார்வையோடும் வெளியே விடுவதுதான் புரொபேஷன். பரோல் வேறு, அது சிறையில் இருப்பவரை வெளியே விடுவது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள். வேலையில் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம். நீதிமன்றத்தில் நன்னடத்தை, 1958-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி செயல்படுபவர் நன்னடத்தை அலுவலர். இலங்கையிலும் நன்னடத்தைத் திணைக்களம் உண்டு. லத்தீன் வேரில் சேர்ந்திருந்த நன்மையும் சோதனையும் தமிழில் தனித்தனியே பிரிந்துவிட்டன. நன்னடத்தை அழகான சொல்தான். ஆனால் தனியாக நின்றால் பள்ளிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது. பொதுவாசகருக்கு எழுதும்போது ‘நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்பதே தெளிவு என்பது என் கருத்து.

‘பாய் ஏ’ நாயகன் சிறுவயதில் ஒரு சிறுமியின் கொலையில் சம்பந்தப்பட்டவன். தண்டனை முடித்து, ஜாக் என்ற புதுப் பெயரோடு மான்செஸ்டருக்கு வருகிறான். கறாராகச் சொன்னால் இவன் நிலை பரோலுக்குத்தான் நெருக்கம். ஆனால் டெர்ரி என்கிற அதிகாரி அவனிடம் காட்டும் பரிவு, அந்த 1907 சட்டத்தின் நட்பேதான். ஜாக்காக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் கூச்சமும் டெர்ரியாக நடித்த பீட்டர் முல்லனின் கனிவும் நெஞ்சை அள்ளுகின்றன.

இருந்தும் படம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. தந்தையின் அன்பு கிடைக்காத டெர்ரியின் மகனே ஜாக்கைக் காட்டிக்கொடுப்பது, கதைக்கு வசதியாகச் செய்த ஏற்பாடு. அதைவிடப் பெரிய குறை, கொல்லப்பட்ட சிறுமியின் வீட்டாருக்குப் படத்தில் ஏறக்குறைய இடமே இல்லாதது. ஜாக்குக்கு மறுவாய்ப்பு வேண்டும் என்று மனம் கேட்கிறது. அவர்கள் தரப்பையும் கேட்டுவிட்டு அப்படி விரும்பியிருந்தால் இந்த உறுத்தல் இருந்திருக்காது.