ஒன்று மூன்றானால் ஊர் கெட்டுவிட்டதா?

போன வாரமும் ஒருவர் வந்தார். கையில் ஒரு தாள். அதில் சிவப்பு மையால் வட்டம் போட்ட ஒரு வரி: வீடு புகுந்து திருட்டு, 200 சதவீதம் உயர்வு. அந்த ஊரில் வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டாராம். திரும்பக் கேட்கலாமா என்று யோசனை கேட்க வந்திருந்தார். காவல்துறைப் பதிவுகளை வைத்துக் கணக்குப் பார்ப்பது என் தொழில். இப்படி வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரே மாதத்தில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஊரின் மக்கள்தொகை 1,240. முந்தின வருடம் பதிவான திருட்டு 1. அடுத்த வருடம் 3. அந்த 200 சதவீதம் இவ்வளவுதான். விவரத்தைத் தேடிப் பார்த்தேன். மூன்றும் ஒரே இரவில், அடுத்தடுத்திருந்த மூன்று பூட்டிய வீடுகளில் நடந்தவை. பிடிபட்டவர் ஒருவர். அதைப் படித்துவிட்டு ஓர் ஊரையே கைவிடப் பார்த்தார் இவர்.

“சரி, சதவீதம் வேண்டாம். லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று பார்த்தால் நியாயமாக இருக்குமே?” என்றார். எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான். எனக்கு ஆகவே ஆகாத நம்பிக்கையும் இதுதான். லட்சத்துக்கு எத்தனை என்று சொல்லிவிட்டால் சின்ன ஊரும் பெரிய நகரமும் ஒரே தராசில் ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஏறாது. போட்டுப் பாருங்கள். 1,240 பேரில் 3 என்றால் லட்சத்துக்கு 242. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்திலும் விகிதம் 242 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதன் பின்னால் 2,420 சம்பவங்கள் இருக்கின்றன. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விகிதம் அசையாது. சின்ன ஊரில் ஒரே ஒரு திருட்டு குறைந்திருந்தால் 161. ஒன்று கூடியிருந்தால் 323. பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும்போது இரண்டு 242-ம் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒன்று 2,420 சம்பவங்களின் மேல் நிற்கிறது, இன்னொன்று மூன்றின் மேல் நிற்கிறது. வகுத்தும் பெருக்கியும் போட்டதால் அந்த மூன்று பெரிதாகிவிடவில்லை, மறைந்துபோனது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சராசரியாக வருடத்துக்கு 3 திருட்டு நடக்கும் ஊரில் திருடர்களும் மாறவில்லை, பூட்டுகளும் மாறவில்லை என்று வையுங்கள். திருட்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நடந்தாலே, சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுகூட நடக்காத வருடம் வரும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை 6 அல்லது அதற்கு மேல் வரும். ஒரே ஆள் ஒரே இரவில் மூன்று வீட்டில் நுழைந்தால் இந்த ஆட்டம் இன்னும் கூடும். பூஜ்யம் வந்த வருடம் “குற்றமே இல்லாத ஊர்” என்று மகிழ்கிறவர்களும், ஆறு வந்த வருடம் அலறுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஆபத்தான ஊர்கள், பாதுகாப்பான ஊர்கள் என்று வரும் பட்டியல்களின் இரு முனைகளிலும் சின்ன ஊர்களே குவிந்து கிடப்பதற்குக் காரணமும் இதுதான். அமெரிக்காவின் எஃப்பிஐ தன் குற்றப் புள்ளிவிவரத்தை வைத்து ஊர்களைத் தரவரிசைப்படுத்த வேண்டாம் என்று பல காலமாக எச்சரித்து வருகிறது. கேட்பவர்தான் இல்லை.

வகுக்கும் எண்ணையும் கவனியுங்கள். வாடிகனில் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்துபோகும் இடம் அது. வந்தவர்களிடம் நடக்கும் பிக்பாக்கெட்டை எல்லாம் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால், உலகிலேயே குற்றம் மிகுந்த நாடு அதுதான் என்று விடை வரும். நெடுஞ்சாலை, சந்தை, கல்லூரி, சுற்றுலாத் தலம் உள்ள எந்தச் சிற்றூருக்கும் இதே கதிதான்.

பதிவான ஆண்டு வேறு, நடந்த ஆண்டு வேறு. மான்செஸ்டருக்கு அருகே ஹைடு என்றொரு சிறு நகரம். அங்கே டாக்டராக இருந்த ஹரோல்ட் ஷிப்மன் தன் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கொன்றுவந்தார். கடைசிக் கொலை 1998-ல். விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை 2002-ல் வந்த பிறகு, 170-க்கும் மேற்பட்ட கொலைகள் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் 2002-03 ஆண்டில் மொத்தமாக ஏறின. அந்த ஆண்டைப் பார்த்தால் கொலை எகிறியதுபோல் தெரியும். உண்மையில் கொலைகள் நடந்த ஆண்டுகளின் பதிவில் அவை இல்லை. முதியவர்கள் இயற்கையாக இறந்ததாகச் சான்றிதழ் போய்க்கொண்டிருந்தது. எழுதியவரும் அவரே. எண் அமைதியாக இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு ஹைடுதான் ஞாபகம் வரும்.

எண் உயர்வது சில நேரம் நல்ல சேதியாகக்கூட இருக்கும். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு. இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் இதை எழுதி வைத்திருக்கிறது. புகாரைக் காதுகொடுத்துக் கேட்கும் ஓர் அதிகாரி வந்தாலே எண் ஏறும். அதுவரை யாரும் சொல்லாமல் இருந்தது வெளியே வருகிறது என்றுதான் அர்த்தம்.

இங்கே ஒரு வேண்டுகோள். சின்ன ஊரில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். சொந்தமாகவும் இருப்பார்கள். ஊர்ப் பெயர் கெட்டுவிடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து புகாரைத் தடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குறிப்பாக வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் ஊரின் பூஜ்யத்தால் ஒரு பயனும் இல்லை.

இனி, என்னிடம் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை. சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை சம்பவம் என்று முதலில் கேளுங்கள். ஒரு வருடத்தோடு நிற்காதீர்கள். ஐந்து வருடமாவது சேர்த்துப் பாருங்கள். எண்ணிக்கை 20-க்குள் இருந்தால் விகிதமே போடாதீர்கள். பொதுச் சுகாதாரக் கணக்குகளில் இருபதுக்குக் குறைந்த மரணங்களை வைத்துப் போடும் விகிதத்தை நம்பத்தகாதது என்று குறியிடும் பழக்கம் உண்டு, நானும் அதையே பின்பற்றுகிறேன். எல்லாக் குற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். சைக்கிள் திருட்டும் கத்திக்குத்தும் ஒரே கூட்டுத்தொகைக்குள் உட்கார்ந்திருக்கும். வரைபடத்தில் உங்கள் தெருவின் மேல் புள்ளி இருந்தால் உங்கள் தெருவில்தான் நடந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பிரிட்டன் காவல்துறையின் பொது வரைபடத்தில், பாதிக்கப்பட்டவரை அடையாளம் காண முடியாதபடி, புள்ளியை அருகிலுள்ள ஒரு தெருவின் நடுப்பகுதிக்கோ பொது இடத்துக்கோ வேண்டுமென்றே நகர்த்தித்தான் வைக்கிறார்கள். யார் வீடு என்று துருவிக் கண்டுபிடிக்கும் வேலையும் வேண்டாம். நூறு வீடு உள்ள ஊரில் அது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை நோகடிப்பது.

வந்தவருக்கு ஐந்து வருடக் கணக்கை அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: 2, 0, 4, 1, 3. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த மூன்று வீட்டிலும் கதவு எப்படித் திறந்தது? பூட்டை உடைத்தார்களா, தாழ்ப்பாள் சரியில்லையா?” என்று கேட்டேன். பதிவில் அது இல்லை. வாங்கப்போகும் வீடும் அதே வரிசையில்தான் இருக்கிறதாம். பின்கதவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.