எத்தனை கியர் என்று கேட்பதை விட்டுவிட்டு செயினை அளந்து பாருங்கள்

பாளையங்கோட்டையில் சைக்கிள் வேலை பார்ப்பவன் நான். மலை சைக்கிள் வாங்கப் போகிறோம் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணாச்சி, இதுல எத்தனை கியர்?" 21 (முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு) என்றால் முகம் மலர்ந்துவிடும். பக்கத்திலேயே முன்னால் ஒரே ஒரு பல்சக்கரமும் பின்னால் ஒன்பதும் உள்ள வண்டி நின்றால், ஒன்பதுதானா என்று நகர்ந்துவிடுவார்கள். அந்த 21-இல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று நகல். முன்னால் 42 பல், பின்னால் 28 பல் போட்டால் பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். முன்னால் 24, பின்னால் 16 போட்டாலும் அதே ஒன்றரைதான். அதிலும் 42-28 என்பது செயினைக் குறுக்காக இழுத்துக்கொண்டு ஓடுவது, அதில் ஓட்டவே கூடாது.

கேட்க வேண்டியது இதுதான்: இருப்பதிலேயே லேசான கியர் எவ்வளவு லேசு? முன்னால் இருப்பதிலேயே சின்னதன் பல் எண்ணிக்கையைப் பின்னால் இருப்பதிலேயே பெரியதன் பல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், வரும் எண் குறையக் குறைய மிதிப்பது லேசு. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் இடையே ஓட்டுகிறவருக்கு முன்னால் 32, பின்னால் பெரியது 34 இருந்தாலே தாராளம். ராதாபுரம், பணகுடிப் பக்கம் ஆனி ஆடியில் ஓட்டுகிறவர்கள் கதை வேறு. ரோடு சமம்தான், ஆனால் எதிர்க்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ பெடல் நகராது, அதனால் இன்னும் இரண்டு படி லேசாக இருந்தால் முழங்காலுக்கு நல்லது. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை ரோட்டில் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்தால் (புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் செக்போஸ்டைத் தாண்ட முடியாது) வகுத்து வரும் எண் 0.7-க்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கட்டும். முன்னால் 24, பின்னால் 34 என்றாலும் சரி, முன்னால் 32, பின்னால் 46-க்கு மேல் என்றாலும் சரி.

அப்புறம் பின்சக்கரத்தின் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். விலை குறைந்த 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரக் கட்டுதான் வரும். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், அச்சின் நுனிக்குத் தாங்கல் கிடையாது. கேரியரில் ஆளை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறக்கினால் அச்சு வளையும், சில நேரம் உடையும். கேசட் என்ற பல்சக்கரக் கட்டைச் செருகும் ஹப்பில் அந்த பேரிங் வெளி ஓரத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. "இப்ப 7 கியர் போதும், பிறகு 12 ஆக்கிக்கிடலாம்" என்று நினைப்பவர்கள் ஹப்பைப் பார்த்துவிட்டு நினைக்கட்டும். ஷிமானோ கம்பெனியின் டியோர் 12 கியர் கேசட் (சின்னது 10 பல், பெரியது 51) பழைய ஹப்பில் ஏறாது, மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி அமைப்பு வேண்டும். ஆனால் ஸ்ராம் கம்பெனியின் என்எக்ஸ் ஈகிள் 11-50 வழக்கமான ஷிமானோ வகை கேசட் ஹப்பிலேயே ஏறும்.

சரி, செயினுக்கு வருவோம். உவரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தான். புதுச் செயின் மாட்டியிருக்கிறான், ஆனால் ஏறி மிதித்தால் 'டக் டக்' என்று பல் தாவுகிறது. "புதுச் செயின்ண்ணே, அதான் புரியல." பின்னால் குனிந்து பார்த்தால் விஷயம் அங்கேயே இருக்கிறது. அவன் எப்போதும் ஓட்டும் நடுப் பற்சக்கரங்கள் இரண்டில் மட்டும் பல்லின் ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்து, சுறாவின் துடுப்பு மாதிரி நிற்கிறது. பழைய செயின் தேயத் தேயப் பல்லும் அதற்கேற்பத் தேய்ந்துவிட்டது, சரியான அளவுள்ள புதுச் செயின் அதில் உட்கார மாட்டேன் என்கிறது. கேசட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று, அதன் விலை செயினைத் தாண்டியது.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு ஒன்றும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் குறுக்கே செருகிய சின்ன ஆணி, அதாவது பின், ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்து அத்தனையும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. வீட்டில் கிடக்கும் இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வையுங்கள், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது, கேசட் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் தள்ளிவிட்டதென்றால் கேசட்டுக்கும் சேர்த்துப் பணத்தை எடுத்து வையுங்கள். இதற்கென்றே கேஜ் என்ற அளவுகருவி கிடைக்கிறது, அதில் பின்னால் 11, 12 கியர் உள்ள வண்டிக்கு 0.5 சதவீதம், அதற்குக் குறைந்த கியர்களுக்கு 0.75 சதவீதம் என்பது எல்லை.

நம் ஊரில் செயின் வேகமாகத் தேய்வதற்கு நம் கைதான் பாதிக் காரணம். பைக்கிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறார்கள், அதில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது. அதன்மேல் தேரிச் செம்மணல் ஒட்டினால் உப்புத்தாளைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவுவதில் தப்பில்லை, ஆனால் துடைத்துக் காயவைத்த பிறகுதான் எண்ணெய். செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, உள்பக்கமாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, வெளியே வழிவதை எல்லாம் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளவென்று எண்ணெய் தெரிந்தால் அது தூசிக்குத்தான் விருந்து. கடலோரம் போய்வந்த அன்றே துடைத்து எண்ணெய் விட்டுவிடுவது நல்லது, உப்புக்காற்றுக்கு ஒரு ராத்திரி போதும். வாட்டர் சர்வீஸில் கொடுத்து ஹப்பின் மேல் பீய்ச்சி அடிக்கவே அடிக்காதீர்கள், கிரீஸ் வெளியேறி தண்ணீர் உள்ளே போகும்.

வண்டி வலப்பக்கமாக விழுந்தாலோ, பஸ்ஸிலோ பார்சலிலோ ஏற்றி வந்தாலோ, கியர் மாற்றுவதற்கு முன் பின்னால் நின்று பாருங்கள். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டெரெய்லரைத் தாங்கும் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர்; அது, ஃப்ரேம் தப்பிக்கட்டும் என்றே மெத்தென்ற அலுமினியத்தில் செய்தது, சுலபமாக உள்ளே வளையும். வளைந்ததைக் கவனிக்காமல் ஏற்றத்தில் மிக லேசான கியருக்குத் தள்ளினால் டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் பிய்த்துவிடும். வயரையும் திருகாணியையும் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது, ஹேங்கரை நிமிர்த்த வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இது வேறுபடும், அவசரத்துக்கு அம்பாசமுத்திரத்தில் தேடினாலும் கிடைக்காது. வண்டி வாங்கும்போதே ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கி சீட் பையில் போட்டு வையுங்கள்.