களப்பின் உயிர் அதன் முகத்துவாரத்தில்

மணல்திட்டு ஒன்று கடலை மறித்து நிற்க, ஒன்றிரண்டு குறுகிய முகத்துவாரங்கள் வழியாக மட்டுமே கடலோடு நீர் பரிமாறிக்கொள்ளும் ஆழமற்ற நீர்நிலையை இலங்கையில் களப்பு என்றும் தமிழ்நாட்டில் காயல் என்றும் வழங்குகிறோம். உலகக் கடற்கரைகளின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு இத்தகைய நீர்நிலைகளை ஒட்டியதே. பரப்பில் கடலின் முன் ஒன்றுமே இல்லாத இவை மீன்வளத்தில் பெரிய பங்கு வகிக்கின்றன. அது எப்படி?

முதல் காரணம் ஆழமின்மை. பல களப்புகளின் சராசரி ஆழம் ஓரிரு மீட்டரைத் தாண்டுவதில்லை. நீர் தெளிந்திருக்கும் இடங்களில் வெயில் அடித்தரையைத் தொடுவதால், மிதக்கும் நுண்பாசிகளோடு தரையில் வேரூன்றிய கடற்புற்களும் உணவு தயாரிக்கின்றன. ஆறுகள் கொண்டுவரும் நைதரசனும் பொசுபரசும் ஆழ்கடலில் மூழ்கி மறைவதுபோல இங்கே மறைந்துவிட முடியாது. காற்று வலுத்தாலே அடிச்சேறு கலங்கி அவை மீண்டும் மேலே வந்துவிடுகின்றன. கரையோர அலையாத்தி மரங்கள் உதிர்க்கும் இலைகளை நுண்ணுயிர்கள் மட்கச் செய்ய, அந்த மட்கு புழுக்களுக்கும் நண்டுகளுக்கும் இறால்களுக்கும் இரையாகிறது.

இரண்டாவது காரணம் உப்பு, அதாவது உப்பின் நிலையின்மை. கடல்நீரின் ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு எப்போதும் இருக்கும். களப்பிலோ மழைக்காலத்தில் அது நன்னீரை நெருங்கும். கடும் கோடையில் நீர் ஆவியாகி, கடலையும் மிஞ்சிக் கரிக்கும். உடலின் உப்புச் சமநிலையைச் செவுள்களின் வழியே விரைந்து சரிசெய்துகொள்ளத் தெரியாத உயிர்கள் இங்கே தங்க முடியாது. ஆகவே களப்பில் நிரந்தரமாக வாழும் இனங்கள் குறைவு. தாக்குப்பிடிக்கும் இனங்களுக்கோ உணவு மிகுதி, கொன்றுண்ணும் பெருமீன்களின் தொல்லை குறைவு. குஞ்சுகள் வளர இதைவிட வசதியான இடம் அமைவது அரிது.

இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது இறால்தான். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து, பல உருமாற்றங்களைக் கடந்து, சில வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும் குஞ்சு முகத்துவாரத்தை நெருங்குகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை அதற்குக் கிடையாது. ஆனால் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றஇறக்கம், ஏறும்போது அடியிலிருந்து எழுந்து நீரோடு உள்ளே செல்கிறது, ஓதம் வற்றும்போது அடித்தரையில் ஒடுங்கிக்கொள்கிறது. இப்படித் தவணை தவணையாக உள்ளே வந்து, சில மாதங்கள் மேய்ந்து வளர்ந்து, முதிர்ச்சியடையும் தறுவாயில் மீண்டும் கடலுக்குப் புறப்படுகிறது. மடவைக்கும் கொடுவாவுக்கும்கூட இனப்பெருக்கத்துக்குக் கடலோரம் வேண்டும். களி நண்டின் பெண் முட்டைகளைச் சுமந்துகொண்டு கடலுக்குச் சென்றுதான் பொரிக்கவிடுகிறது. எனவே களப்பின் மீன்வளத்தை நிர்ணயிப்பது அதன் பரப்பைவிட, அந்தக் குறுகிய வாயின் நிலைதான்.

அந்த வாய் தானாகத் திறந்திருப்பதில்லை. கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து அதை அடைத்துக்கொண்டே இருக்க, ஓதநீரும் ஆற்றுநீரும் அதை அரித்து அகற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு ஓதத்திலும் உள்ளே வந்து வெளியேறும் நீரின் அளவு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு அகலமாக வாய் திறந்திருக்கும். மேலே ஆற்றை அணையிட்டுத் தடுத்தாலும், கரையோரச் சதுப்பை மண்ணிட்டு நிரப்பினாலும் வாயை அரித்துத் திறந்துவைக்கும் நீரளவு குறைகிறது, வாய் சுருங்குகிறது, சுருங்கிய வாயால் வண்டலை வெளியே தள்ள முடியாமல் களப்பு மேலும் தூர்ந்துபோகிறது. பல கிலோமீட்டர் தொலைவில் செய்த வேலையின் விளைவு முகத்துவாரத்தில் தெரியும் என்பதைத் திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஒடிசாவின் சிலிகா இதற்குத் தெளிவான சான்று. மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் அந்தப் பெருங்களப்பின் கடல்வழி தூர்ந்ததால் உப்பு குறைந்தது, நன்னீர்க் களைகள் படர்ந்தன, ஆண்டு மீன்பிடிப்பு 2,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. 2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புதிய முகத்துவாரம் திறந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் மீன்பிடிப்பு 11,000 டன்னைக் கடந்தது. புதிதாக மீன்குஞ்சு விட்டதால் அல்ல, வழி திறந்ததால் வந்த பெருக்கம் இது.

களப்பின் மதிப்பைக் கணக்கிடும்போது ஒரு பிழை வழக்கமாக நேர்கிறது. களப்புக்குள் பிடிபடும் மீனை மட்டும் அதன் கணக்கில் எழுதி, அங்கே வளர்ந்து வெளியேறிக் கடலில் பிடிபடும் இறாலைக் கடலின் வரவில் சேர்த்துவிடுகிறோம். கரையோர மீனவர்கள் அந்த முகத்துவார வழியின் மதிப்பை வேறு விதமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டுக் களப்பில் ‘பாடு’ என்ற முறைப்படி, இறால் மிகுந்து கிடைக்கும் வலையிடங்களில் யார் எப்போது வலை போடுவது என்பதை ஊரார் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெளியேறும் இறால் எல்லாம் குவிந்து கடக்க வேண்டிய அந்தச் சில இடங்களை யார் கைக்கும் நிரந்தரமாக விட்டுவிடவில்லை.